எனக்கு எதிராக ஒரு சங்கம்

போன சனிக்கிழமை முள்ளியவளையில் ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு சங்கத்தின் முதலாவது ஆண்டுக் கூட்டம். கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை தந்தார்கள். பேச அழைக்கவில்லை. மாலை, பொன்னாடை ஒன்றும் கிடையாது.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அது எனக்கு எதிராகத் தொடங்கப்பட்ட சங்கம்.

‘எனக்கு எதிராக’ என்பது கொஞ்சம் கூடுதல்தான். நான் கௌரவ உறுப்பினராக இருக்கிற ஒரு தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட தொழிற்சங்கம் அது. ஆனால் போன வருடம் அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு அப்படித்தான் பட்டது. எனக்கு எதிராக என்றுதான்.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சின்ன நிறுவனம். யுத்தத்தில் முள்ளந்தண்டில் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையில் இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் அதன் வேலை. புண்ணுக்கு மருந்து கட்டுவது, உடம்பைப் புரட்டிப் படுக்க வைப்பது, கிளினிக்குக்குக் கூட்டிப் போவது... சொந்தக்காரரே முகம் சுளிக்கிற வேலைகள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து விசுவமடு வரைக்கும் ஸ்கூட்டியில் ஓடித்திரிந்து இதைச் செய்கிறவர்கள் எட்டு வெளிக்கள உத்தியோகத்தர்கள். எட்டுப் பேரும் பெண்கள்.

என் வேலை? மூன்று மாதத்துக்கு ஒருமுறை வவுனியாவிலிருந்து பஸ் எடுத்துப் போய், நிர்வாக சபைக் கூட்டத்தில் இருந்து, கை உயர்த்துவது. எழுதுகிறவன் என்பதால் நிறுவனத்தின் முக்கியமான கடிதங்களைத் திருத்திக் கொடுப்பதும் என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் பணிப்பாளர் தயாபரன் ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். ஊழியர்கள் கையெழுத்திட்ட கடிதம். தாங்கள் ஒரு தொழிற்சங்கமாகச் சேர்ந்திருப்பதாகவும், பதிவுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், நிர்வாக சபையோடு பேச விரும்புவதாகவும் எழுதியிருந்தார்கள். நான்கே வரி.

தயாபரனுக்குக் கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர். தன் சொந்த மோட்டார் சைக்கிளில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவர். “நாங்கள் ஒரு குடும்பமாத்தானே அண்ணை இருந்தனாங்கள்” என்றார் என்னைப் பார்த்து.

சபையில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் மனம் நொந்து போயிற்று. தலைவர், கொடையாளர்கள் இதைக் கேள்விப்பட்டால் ஓடிவிடுவார்கள் என்றார். இன்னொருவர், யாரோ வெளியிலிருந்து தூண்டிவிடுகிறார்கள் என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. சம்பளத்துக்காகச் செய்கிற வேலைக்குத்தான் சங்கம், சேவைக்கு எதற்குச் சங்கம் என்று கேட்டேன். நல்ல வசனம் என்று எனக்கே தோன்றியது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டலின் முடிவு — அவர்களோடு பேசி மனதை மாற்றுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. உங்களுக்குத்தான் பேச வரும் என்றார்கள்.

ரஞ்சிதமலருக்குப் போன் எடுத்தேன். கடிதத்தில் செயலாளர் என்று கையெழுத்திட்டிருந்தவர் அவர்தான். விசுவமடுக்காரி. நாற்பது வயதிருக்கும். மலையகத்தில் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்து, கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறார். ஆறுதலாக இருந்து கதைக்க வேண்டும் என்றேன். தனக்கு நாளைக்கு நாலு வீடு இருக்கிறது, கூட வந்தால் கதைத்துக்கொண்டே போகலாம் என்றார்.

போனேன். அவர் ஸ்கூட்டியில் முன்னால். நான் ஒரு நண்பரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பின்னால். கதைத்துக்கொண்டே போவதாவது! அவருடைய வேகத்துக்குப் பின்னால் புழுதி குடிப்பதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

மூன்றாவது வீடு விசுவமடுவில். பிரதான வீதியை விட்டு இறங்கிக் கிரவல் ரோட்டில் கொஞ்ச தூரம். வீட்டில் யோகராசா என்கிற இளைஞரும் அவருடைய தாயும் மட்டும். இளைஞர் என்றாலும் முப்பத்தைந்து தாண்டியவர். கடைசிச் சண்டையில் ஷெல் துண்டு முதுகில் ஏறியது. நாங்கள் போனபோது கட்டிலில் குப்புறப் படுத்தபடி, ஒரு கைத்தொலைபேசியின் வயிற்றைத் திறந்து எதையோ ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் போன் பழுதென்றால் அவரிடம்தான் வருவார்களாம்.

மருந்து கட்டும்போது நான் வெளியே நிற்கிறேன் என்றேன். யோகராசா விடவில்லை. “ஐயாவும் ஒருக்காப் பாக்கட்டும்” என்றார்.

பார்த்தேன். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் ஒரு குழி. கோழிமுட்டை ஒன்றை வைக்கலாம். ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுத் தசை வளர்ந்துகொண்டிருந்தது. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ரஞ்சிதமலர் குசினியில் கறிக்கு வெட்டுகிற மாதிரி வெகு இயல்பாகக் கையுறை போட்டு, கழுவி, துடைத்து, பஞ்சு வைத்து... இடையிடையே, யோகராசா திருத்திக் கொடுத்த தன் போன் மறுபடி சத்தம் குறைவாகக் கேட்கிறது என்று சண்டையும் பிடித்தார்.

இந்தப் புண் எப்போது வந்தது என்று நான்தான் கேட்டேன்.

“போன மாரிக்கு ஐயா. மலரக்கா மூண்டு மாசம் வரேல்லை. அப்ப வந்தது. எனக்கு நோ தெரியாது, அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. மணக்கத் தொடங்கின பிறகுதான் விளங்கினது.”

மழை பெய்தது, வெள்ளம் வந்தது என்கிற மாதிரிச் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லுகிற தொனி இல்லை.

நான் ரஞ்சிதமலரைத் திரும்பிப் பார்த்து, ஏன் தங்கச்சி மூன்று மாதம் வரவில்லை என்று கேட்டேன்.

கேட்டேவிட்டேன்!

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். ‘பிறகு சொல்லுகிறேன் சேர்’ என்றுவிட்டுப் பஞ்சைச் சுற்றத் தொடங்கினார்.

வீட்டுக்கு வெளியே, ஸ்கூட்டிப் பெட்டிக்குள் மருந்துப் பையை வைத்தபடி அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான். போன வருடத்துக்கு முந்திய வருட முடிவில் ஒரு செயற்றிட்டம் முடிந்தது. அடுத்தது தொடங்க மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கு ஒப்பந்தம் வேண்டாம், புதிய திட்டம் வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நிர்வாக சபை முடிவெடுத்தது. ஸ்கூட்டிகளைப் பூட்டித் திறப்புகளை வாங்கி வைத்தார்கள். முடிவெடுத்த அன்று ஐந்து கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை அந்த விஷயம் — நிகழ்ச்சி நிரலில் ஏழாவதோ எட்டாவதோ.

ரஞ்சிதமலர் சும்மா இருக்கவில்லை. தன் பாட்டில் பஸ்ஸிலும் நடந்தும் நாலு கிழமை இந்த வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறார். மற்றவர்களும் அப்படித்தான். அது அலுவலகத்துக்குத் தெரியவந்ததும் ஒரு கடிதம் போயிற்று. ஒப்பந்தம் இல்லாத காலத்தில் நிறுவனத்தின் பெயரால் வீடுகளுக்குப் போகக்கூடாது, ஏதும் நடந்தால் நிறுவனம் பொறுப்பேற்க முடியாது என்று.

“அந்தக் கடிதம் நீங்கள் எழுதினதெண்டு ஒஃபீசில சொன்னவை. நல்ல தமிழ் சேர். அர்ப்பணிப்பு எண்ட சொல் மட்டும் மூண்டு இடத்தில வந்தது.”

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே பாராட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தக் கடிதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ‘செல்லக் கூடாது’ என்பது கடுமையாக இருக்கிறதே என்று ‘செல்வதைத் தவிர்க்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்’ என்று மாற்றியது நான்தான். ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு மாற்றினேன். அந்த வசனம் இந்த வீட்டுக் கட்டிலில் போய் என்ன செய்தது என்று இப்போதுதான் பார்த்தேன்.

தனியாகப் போய்ப் பணிப்பாளரிடம் கேட்டிருக்கலாமே என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொன்னது.

கேட்டாராம். யோகராசா வீட்டுக்கு மட்டுமாவது போக விடுங்கள் என்று போய் நின்றாராம். தயாபரன், இது சபையின் முடிவு, தன் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார். “நானும் அழுதன், அவரும் அழுதார். பிறகு நான் வீட்ட வந்திட்டன்” என்றார் ரஞ்சிதமலர். “அழுதாப் புண் ஆறுமோ சேர்?”

நான் மோட்டார் சைக்கிளைக் கிளப்பப் போனேன்.

திரும்பி வரும் வழியில் புதுக்குடியிருப்புச் சந்தியில் ஜெசிந்தா சேர்ந்துகொண்டார். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர், முப்பது வயது, தகப்பன் கடற்றொழில். சங்கத்தின் தலைவி. ஒரு கடையில் மூன்று பேரும் பிளேன்ரீ குடித்தோம். அவருடைய காரணம் வேறு. அவர் போகிற வீடொன்றில் நோயாளியின் தமையன் குடித்துவிட்டு வாசலை மறித்துக்கொண்டு நிற்பானாம். அந்த வீட்டுக்குத் தனியாகப் போக முடியாது, இரண்டு பேராக விடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் ஒன்றும் சொல்வதில்லையே, அவர்கள் சமாளிக்கிறார்கள்தானே என்று மேற்பார்வையாளர் பதில் சொல்லியிருக்கிறார்.

சரி, நான்தான் பயந்தாங்கொள்ளி என்று ஜெசிந்தா வாயை மூடிக்கொண்டார். ஸ்கூட்டி கையில் இல்லாத அந்த மூன்று மாதத்தில் ஒருநாள் இதே சந்தியில், இதே கடையில், பஸ்ஸுக்கு நின்றபோது பேச்சுவாக்கில் ரஞ்சிதமலரிடம் சொல்லியிருக்கிறார். ரஞ்சிதமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வேறொரு வீட்டைப் பற்றி இதே மாதிரிக் கேட்டபோது, ஜெசிந்தா ஒன்றும் சொல்வதில்லையே என்றுதான் அவருக்குப் பதில் கிடைத்ததாம். பிறகு மற்ற ஆறு பேரையும் விசாரித்தார்கள். எட்டுப் பேரும் கேட்டிருக்கிறார்கள். எட்டுப் பேரிடமும் மற்ற ஏழு பேரும் கேட்பதில்லை என்று சொல்லப்பட்டிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை இது. மேற்பார்வையாளர் பாவம், தப்பித்துக்கொள்ள ஒரு வசனம் சொல்லியிருக்கிறார். அந்த வசனம் எட்டுப் பேரையும் எட்டுத் தனித்தீவாக்கி வைத்திருந்தது.

சங்கம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வெளியிலிருந்து தூண்டுகிறவரைக் கண்டுபிடிக்க வேண்டுமே!

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரஞ்சிதமலர் தன் பைக்குள்ளிருந்து மடித்த பெரிய காகிதமொன்றை எடுத்து மேசையில் விரித்தார். படுக்கையில் இருப்பவர்களின் குடும்பங்களைச் சங்கமாகச் சேர்ப்பதற்காக நிறுவனம் தயாரித்துக் கொடுத்த பயிற்சித் தாள். ஒன்றாகச் சேருங்கள், ஒன்றாகக் கேளுங்கள், உங்களுக்குள் ஒருவரைத் தெரிவு செய்யுங்கள் என்று படம் போட்டு எழுதியிருந்தது.

“பன்னிரண்டு வருசமாச் சனத்துக்கு இதைத்தான் சொல்லிக் குடுக்கிறம். பதினாலு ஊரில சங்கம் தொடங்கிக் குடுத்திருக்கிறம். எங்களுக்கு மட்டும் இது ஆகாதோ சேர்?”

தூண்டியவர் யாரென்று கண்டுபிடித்துவிட்டேன். நாங்கள்தான்.

சட்டப்படி பதிவுக்கு விண்ணப்பிக்க ஏழு பேர் கையெழுத்து வேண்டும். எட்டுப் பேரில் ஆறு பேர் போட்டார்கள். இரண்டு பேர் பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஜெசிந்தா விடவில்லை. இரண்டு வீட்டிலும் அவர்களுடைய சம்பளம் ஒன்றுதான் வருமானம், நானென்றாலும் பயந்திருப்பேன் என்றார். ஒரு கையெழுத்துக்காக ஒரு மாதம் எல்லாம் அப்படியே நின்றது.

கடைசியில் வந்தது, அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிற பரமேஸ்வரி அக்கா. இவர்கள் அவரைக் கேட்கவே இல்லை. அவராகத்தான் வந்து, “என்னை ஏன் ஒருதரும் கேக்கேல்லை, நான் இஞ்ச வேலை செய்யேல்லையோ” என்று கேட்டாராம். ரஞ்சிதமலர் இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. சபை தங்களைக் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டு திரிந்த தாங்களே, பக்கத்தில் நின்ற ஒருவரைக் கேட்காமல் விட்டது அவருக்குப் பெரிய வெட்கமாக இருந்திருக்கிறது. நான் கண்ட பல தலைவர்களுக்கு இந்த வெட்கம் வந்ததில்லை.

இன்னொரு சின்ன விஷயமும் சொன்னார். வீட்டில் சங்கம் என்றதும் அவருடைய அப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டாராம் — செயலாளர் யார்? தலைவர் யாராகவும் இருக்கலாம், வேலை செய்யப்போவது செயலாளர்தான் என்றாராம். தோட்டத்தில் சங்கம் கண்டவரல்லவா!

அடுத்த சபைக் கூட்டத்தில் நான் அறிக்கை கொடுத்தேன். அவர்களுடைய மனதை மாற்ற முடியவில்லை, என்னுடையதுதான் மாறிவிட்டது என்றேன். யோகராசாவின் புண்ணைப் பற்றிச் சொன்னேன். யாருடைய வசனம் அங்கே போனது என்பதையும் சொன்னேன்.

பிறகு ரஞ்சிதமலரையும் ஜெசிந்தாவையும் உள்ளே அழைத்தோம். கதிரை போட்டு உட்கார வைத்தது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் அந்த அறைக்கு அவர்கள் ஃபைல் கொண்டுவந்து தந்துவிட்டுப் போகிறவர்கள்.

தலைவர் ஏதோ தொடங்கப் போனார். அதற்கு முன் தயாபரன் கேட்டுவிட்டார். பணிப்பாளர் மாதிரி இல்லை, ஒரு மனிதராக. “என்னில என்ன குறை மலர்? நான் உங்களுக்கு என்ன செய்தனான்?”

“உங்களில ஒரு குறையும் இல்லை சேர்” என்றார் ரஞ்சிதமலர். “நீங்கள் நல்ல மனுசன் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனா நல்ல மனுசனிட்ட எண்டாலும் ஒராள் தனியப் போய்க் கேட்டா, அது கெஞ்சிறது. ஏழு பேர் சேர்ந்து கேட்டா, அது கதைக்கிறது. நாங்கள் உங்களோட கதைக்கத்தான் வந்திருக்கிறம்.”

நான் முப்பது வருடமாக எழுதுகிறேன். இந்த மாதிரி மூன்று வசனம் எழுதியதில்லை.

தயாபரன் உடனே சமாதானமாகிவிட்டார் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆகவில்லை. இரண்டு மாதம் அவர்களோடு வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. பதிவு வந்த நாளில்தான் கொஞ்சம் இளகினார். அவருக்கும் உள்ளே ஒரு பயம் இருந்தது. கொடையாளர்கள் ஒரு மின்னஞ்சலில் பணம் உண்டென்பார்கள், இன்னொன்றில் இல்லையென்பார்கள். அதற்கு நடுவில் நிற்கிறவர் அவர். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இத்தனை வருடம் தனியாகச் சுமந்திருக்கிறார்.

இந்த வருடம் மறுபடி அதே இடைவெளி வந்தது. பழைய திட்டம் முடிந்து, புதியது தொடங்க மூன்று மாதம். இம்முறை சபை கை உயர்த்துவதற்கு முன்னால் சங்கத்தோடு உட்கார்ந்தது. சங்கம் தயாராக வந்திருந்தது. கையால் எழுதிய ஒரு பட்டியல் — எந்தெந்த வீட்டில் யார், யாருக்குக் கிழமையில் எத்தனை தரம் போக வேண்டும், எந்த வீட்டை ஒரு கிழமைகூடத் தவறவிட முடியாது. பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் ஒருநாளும் கேட்டுப் பார்க்காத பட்டியல். தயாபரன் கொடையாளர்களுக்கு எழுதிய கடிதத்தோடு அதுவும் போயிற்று. தலைவர் பயந்த மாதிரி யாரும் ஓடவில்லை. பாதிப் பேரை வைத்திருக்கும் அளவுக்குத் திட்டத்தை நீட்டித் தந்தார்கள்.

பாதிப் பேர் என்றால் யார் இருப்பது, யார் போவது? அதையும் சங்கமே தீர்த்தது. ஆளுக்கொரு கிழமை மாறி மாறி. கையெழுத்துப் போடாத அந்த இரண்டு பேருக்கும் அதே முறைதான். அவர்களை விட்டுவிட வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த மூன்று மாதமும் ஒரு வீடும் தவறவில்லை. யோகராசாவின் குழி மூடிவிட்டது. தழும்பு மட்டும் இருக்கிறது.

எல்லாம் கிடைத்துவிட்டதா? இல்லை. பயமான வீடுகளுக்கு இரண்டு பேராகப் போவது நடைமுறைக்கு வந்துவிட்டது. நிரந்தர நியமனம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் சில நாள் குரல் உயர்கிறது. ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். இந்த வேலையை விட்டுப் போக நினைப்பவர்கள் சங்கம் அமைப்பதில்லை. பேசாமல் வேறு வேலைக்கு விண்ணப்பம் போடுவார்கள். கஷ்டப்பட்டுச் சங்கம் அமைக்கிறவர்கள், அங்கேயே இருந்து அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள்தான். நாங்கள் கடிதங்களில் எழுதுகிற அர்ப்பணிப்பு என்பதை நான் நேரில் பார்த்தது அவர்களிடம்தான்.

போன சனிக்கிழமைக் கூட்டத்தில் ரஞ்சிதமலர் அறிக்கை வாசித்து முடித்ததும், பரமேஸ்வரி அக்கா எழுந்து செயலாளரையே கேள்வி கேட்டார். கூட்டங்களை ஏன் எப்போதும் பின்னேரம் வைக்கிறீர்கள், எனக்குக் கடைசி பஸ் போய்விடுகிறதே என்று. ரஞ்சிதமலர் மன்னிப்புக் கேட்டு அங்கேயே நேரத்தை மாற்றினார். கையெழுத்துப் போடாமல் இருந்த இருவரில் ஒருவர் அன்று உறுப்பினராகச் சேர்ந்தார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தயாபரனும் வந்திருந்தார், எனக்குப் பக்கத்துக் கதிரையில். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என்னைக் கையில் பிடித்து ஒரு ஓரமாகக் கூட்டிப் போனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அண்ணை, பணிப்பாளர்மாருக்கும் இப்பிடி ஒரு சங்கம் இருக்கோ?”

அவர் பகிடி விடவில்லை.